மூன்றாம் கட்டத்தில் அப்பா

அத்தியாயம் 9

போன வாரம் லொரென்சா ஒரு பொய்யைச் சுருட்டி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் படுக்கப் போயிருந்தாள். அது இப்போது மூன்றடிக்கு நாலடியில், நான்கு வண்ணத்தில், த்லாவாக் ரயில் நிலையச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

பொய்யை மறந்துபோனவர்களுக்காக: லொரென்சா ஊட்டச்சத்துப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. 'அவசரப் பயணிக்கு ஆரோக்கியமான, கட்டுப்படியாகும் காலைச் சிற்றுண்டி பார்' என்பது அவள் குழுவின் ஆய்வு. விடிவதற்கு முன்பே வீட்டை விட்டு ஓடி, இரண்டு மணி நேரம் கம்பியில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் எதைத் தின்றால் நல்லது என்று கண்டுபிடிக்கச் சொன்னவர் டாக்டர் இரிகோயென் மேடம். மேடம் காரில் வருகிறவர். காலையில் ஆற அமரப் பப்பாளி சாப்பிடுகிறவர்.

சுவரொட்டியில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் தானிய பார், இருபத்திரண்டு பெசோ. இரண்டாம் கட்டத்தில் 'துல்யெவால்கோ பெண்கள் கூட்டுறவு' செய்யும் அலெக்ரியா என்ற பொரிமிட்டாய் பார், பத்து பெசோ, பரிந்துரைக்கப்படுகிறது. மூன்றாம் கட்டத்தில் தெரு வியாபாரி விற்கும் அலெக்ரியா, எட்டு பெசோ. கைச் சுத்தம் திருப்தி இல்லை. பரிந்துரைக்கப்படவில்லை.

அப்படி ஒரு கூட்டுறவே கிடையாது. இரண்டாம் கட்டத்து பாரும் மூன்றாம் கட்டத்து பாரும் ஒரே அடுப்பில், ஒரே பாகில், ஒரே பலகையில் பிறந்தவை. கீரை விதையைப் பொரித்து, வெல்லமும் தேனும் காய்ச்சிய பாகில் கிளறுவது அவள் அம்மா நின்ஃபா. அதை மரச் சட்டத்தில் கொட்டி ஈரக் கையால் அழுத்துவது அப்பா எவுசேபியோ. அதில் நாற்பது துண்டுக்கு லொரென்சா பழுப்புக் காகிதம் சுற்றினாள். அது கூட்டுறவு ஆயிற்று. மிச்சத்தை எவுசேபியோ வழக்கம்போல் ஸ்டேஷன் படிக்கட்டில் தட்டில் அடுக்கி விற்றார். அது தெரு வியாபாரம் ஆயிற்று.

"இது யார் செய்தது?" என்று மேடம் வகுப்பில் கேட்டபோது 'எங்கள் வீட்டில்' என்று சொல்ல இரண்டு சொல் போதும். லொரென்சா கூட்டுறவைத் தொடங்கிவிட்டாள். பன்னிரண்டு உறுப்பினர்கள். ஒப்பிட்டுக் காட்ட ஒரு மோசமான பாரும் வேண்டும் என்று மேடம் சொன்னபோது, கைக்கெட்டிய தூரத்தில் அப்பாதான் இருந்தார்.

இரண்டாம் கட்டத்தை ஆய்வுக்கூடம் சோதித்தது. மூன்றாம் கட்டத்தை லொரென்சாவின் பேனா சோதித்தது.

மூன்றாம் கட்டத்துப் படத்தில் முகம் இல்லை, கைகள் மட்டும். படம் எடுக்கப்போகிறாள் என்றதும் எவுசேபியோ இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்திருந்தார்.

*

புதன்கிழமை காலை, நாலரை மணி. லொரென்சா சமையலறைக்கு வந்தபோது மேசைமேல் ஒரு தாள் நிறையக் கறுப்பு எண்கோணங்கள் இருந்தன. கடைப் பொட்டலங்களில் அரசாங்கம் போடச் சொல்லும் அதே எச்சரிக்கை முத்திரை. 'கலோரி அதிகம்.' அப்பா ஒவ்வொன்றாக உரித்து, பார் சுற்றிய கண்ணாடிக் காகிதத்தின் நட்ட நடுவில், கோணாமல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எழுந்துட்டியா கண்ணு? வா, வந்து பாரு."

"என்னப்பா இது?"

"தெரியாத மாதிரி கேக்கறா பாரு. நேத்து ஸ்டேஷன்ல பாத்துட்டேன். என் கை, என் பார், பக்கத்துல முத்திரை. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலே பண்ணிட்டியே."

முத்திரை அவள் குழுவில் இருக்கும் தமாராவின் யோசனை. மூன்றாம் கட்டம் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது என்று போட்டாள்.

"வேற என்னப்பா படிச்சீங்க அதுல?"

"பொடி எழுத்தெல்லாம் யாரு படிச்சா? கண்ணாடி காலொடிஞ்சு ரிப்பேர்ல கிடக்கு. வெள்ளிக்கிழமை தர்றேன்னான். வந்ததும் உக்காந்து படிக்கறேன். பெரிய எழுத்தைப் படிச்சாச்சு, இப்போதைக்கு அது போதும்."

"அந்த முத்திரை எச்சரிக்கைப்பா. ஜாக்கிரதையா இருன்னு அர்த்தம்."

"அது உங்க டாக்டருங்களுக்கு. ஜனங்க என்ன சொல்றாங்க? முத்திரை கூடக்கூட ருசியும் கூடும்னு சொல்றாங்க. முத்திரை இல்லாத பிஸ்கட்டை நீ தின்னிருக்கியா? அட்டையைக் கடிக்கற மாதிரி இருக்கும்." இன்னொன்றை ஒட்டி, கட்டைவிரலால் தடவினார். "நாலரைக்கு வீட்டை விட்டு ஓடறவன் மறுபடி வாயத் திறக்கப் பதினோரு மணி ஆகுது. அவன்கிட்ட போய்க் கலோரி கம்மின்னு சொன்னா அடிக்க வருவான். எட்டு பெசோவுக்கு அதிகமாத் தர்றேன்னு இப்பப் பல்கலைக்கழகமே சுவத்துல ஒட்டியிருக்கு."

மூன்று வருடம் படித்த பாடங்களைவிட இது தெளிவாக இருந்தது என்பதுதான் லொரென்சாவுக்குத் தொந்தரவாக இருந்தது.

நின்ஃபா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "முத்திரை இருநூறு அடிச்சுட்டு வந்திருக்காரு. யாரு உங்களுக்கு முத்திரை குடுத்ததுன்னு அச்சுக் கடைக்காரன் கேட்டானாம். என் பொண்ணுன்னு சொன்னாராம். நேத்துலேருந்து இவரு கால் தரையில பாவல."

"பொறாமை," என்றார் எவுசேபியோ.

சொல்லிவிடலாம் என்று லொரென்சா வாயைத் திறந்தாள். அம்மா அதில் ஒரு துண்டு பாரை வைத்தாள். சூடாக இருந்தது. வாய் நிறைய இருக்கும்போது உண்மையைச் சொல்வது நாகரிகம் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

*

கோம்பி என்கிற பங்கு வேனில் ஏறினால் பின்சீட்டுக்காரன் காசு கை மாறிக் கை மாறித்தான் ஓட்டுநரிடம் போகும். எவுசேபியோ அன்றைக்குக் காசோடு செய்தியையும் அனுப்பினார்.

"ரெண்டு பேரு, ஸ்டேஷனுக்கு. கொஞ்சம் முன்னாடி குடுத்துடுங்க. இது என் பொண்ணு. பல்கலைக்கழகம்."

காசு முன்னால் போயிற்று. தலைகள் பின்னால் திரும்பின.

"என்ன எவுசேபியோ அண்ணே, பாருக்கெல்லாம் சீல் குத்திட்டீங்க? விலை ஏறிடுச்சா?" என்றாள் செவிலியர் உடுப்பில் இருந்த ஒருத்தி.

"அதே எட்டுதாம்மா. கலோரிதான் ஏறியிருக்கு."

"எனக்கு ரெண்டு குடுங்க. இருக்கற உடம்புக்கு இன்னும் கொஞ்சம் ஏறினா யாரு கேக்கப் போறா."

"அண்ணே, எனக்கு முத்திரை ரெண்டு ஒட்டினது இருந்தா குடுங்க," என்றார் ஒரு காவலாளி. வண்டி சிரித்தது. எவுசேபியோ எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

லொரென்சா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே இன்னும் இருட்டு. கண்ணாடியில் தெரிந்தது அவள் முகம்தான். அதையும் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்டேஷன் வந்தது. வழக்கமான படிக்கட்டை நோக்கித் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவரை நிறுத்தினாள்.

"அப்பா, இன்னைக்கு அந்தப் பக்க வாசல்ல நில்லுங்களேன். இங்க எங்க மேசை, கூட்டம், போட்டோ எல்லாம் இருக்கும். உங்களுக்கு இடைஞ்சல்."

சுவரொட்டி இருந்தது இந்தப் பக்கம்.

"அட, எனக்கென்ன இடைஞ்சல், உனக்குத்தான் நான் இடைஞ்சலா இருப்பேன்," என்றார் அவர், சாதாரணமாக. "வேலையப் பாரு. நான் அங்க போறேன்."

போய்விட்டார். பத்து வருடம் நின்ற இடத்தை விட்டு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல்.

"யாரு அது?" என்றாள் தமாரா, மேசைத் துணியை விரித்துக்கொண்டே.

"கோம்பில கூட வந்தவரு," என்றாள் லொரென்சா. ஒரு விதத்தில் பொய் இல்லை.

*

ஆறிலிருந்து எட்டு வரை ருசி பார்க்கும் விழா. மூன்று தட்டு, ஒன்று, இரண்டு, மூன்று. எந்தத் தட்டில் என்ன என்று பயணிகளுக்குத் தெரியாது. மூன்றாம் தட்டுக்கான துண்டுகளை லொரென்சா முந்தின நாளே வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தாள்.

ஜனங்கள் ஓடிக்கொண்டே தின்றார்கள், தின்றுகொண்டே ஓடினார்கள். ஒன்றாம் தட்டைப் பற்றி ஒருவர், இது பல்லுக்கு மருந்தா என்று கேட்டார். மற்ற இரண்டிலும் எது பிடித்தது என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் மூன்றுக்குக் கை தூக்கினார்கள்.

டாக்டர் இரிகோயென் மேடம் ஏழரைக்கு வந்து கணக்கைப் பார்த்தார். "பொதுமக்களின் நாக்கைப் பழக்க வேண்டியிருக்கு," என்று குறித்துக்கொண்டார்.

"மேடம், மூணாவதுக்கு லேப் தாள் கோப்புல இல்லையே," என்றாள் தமாரா.

"அது களத்துல பாத்தது," என்றாள் லொரென்சா.

"கையால தொடறாங்க இல்லையா, பாத்தாலே தெரியும்," என்றார் மேடம். விவகாரம் முடிந்தது. அறிவியல் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளும் என்று லொரென்சா எதிர்பார்க்கவில்லை.

எட்டு அடிக்கப் பத்து நிமிடம். அந்தப் பக்க வாசலிலிருந்து எவுசேபியோ வந்துகொண்டிருந்தார். தட்டு காலி. மூன்று பார் மட்டும் ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி. கஞ்சி விற்கும் சோகொர்ரோ அக்காவுடையது, ஊதாச் சட்டம், ஓரத்தில் கல் பதித்தது.

லொரென்சா மேசைத் துணியின் சுருக்கத்தை நீவத் தொடங்கினாள்.

"வாங்க ஐயா, வேலைக்கா? ஒரு நிமிஷம் ருசி பாத்துட்டுப் போங்க," என்றார் மேடம்.

"வாத்தியாரம்மா நீங்கதானா? உங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னுதான்..." என்று தொடங்கியவர், மேடத்துக்குப் பின்னால் சுவரொட்டி இருப்பதைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்மா. இதைப் படிச்சுட்டு வந்துடறேன்."

அவர் மனதுக்குள் படிக்கத் தெரியாதவர். உதடு அசையும். லொரென்சா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தெரு வியாபாரி' என்று அசைந்தது. 'கைச் சுத்தம்' என்று அசைந்தது. அடுத்த சொல் வந்தபோது நின்று, முதலிலிருந்து மறுபடி அசைந்தது.

பிறகு இரண்டாம் கட்டத்தைப் படித்தார். அதற்கு உதடு அசையவில்லை.

திரும்பி வந்தார். மேடம் நீட்டிய தட்டிலிருந்து எடுக்கக் கையைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார்.

"இங்க கை கழுவத் தண்ணி எங்கம்மா இருக்கு?"

"பரவால்ல, எடுத்துக்குங்க."

"இல்லம்மா. கழுவிட்டே வர்றேன்."

கழிப்பறைப் பக்கம் போய்விட்டு வந்தார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. இரண்டாம் தட்டிலிருந்து ஒரு துண்டை இரண்டு விரல் நுனியால் எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். முப்பது வருடமாக ஒரே பாகைச் சாப்பிடுகிறவருக்கு அது யார் கிளறியது என்று தெரியாமல் போகாது.

"நல்லா இருக்கு," என்றார். "சுத்தமா இருக்கு. எந்த ஊருது?"

"துல்யெவால்கோ. அங்க ஒரு பெண்கள் கூட்டுறவு. இந்தப் பொண்ணுதான் தேடிக் கண்டுபிடிச்சா," என்று மேடம் லொரென்சாவின் தோளைத் தட்டினார்.

"அப்படியா. எத்தனை பேரும்மா அதுல?" என்று எவுசேபியோ நேராக மகளைக் கேட்டார்.

"பன்னெண்டு," என்றாள் லொரென்சா.

"பன்னெண்டு." அவர் மகளைப் பார்த்தே தலையாட்டினார். "நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீங்க மேடம்."

பிறந்ததிலிருந்து அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். மரியாதையாகச் சொன்னார்.

"சனிக்கிழமை நாங்க அங்க போறோம்," என்றார் மேடம். "ஸ்டேஷன் கடைகள்ல வச்சு விக்க ஏற்பாடு ஆகப்போகுது. ஸ்டேஷன் அதிகாரிங்களும் வர்றாங்க, போட்டோகிராபரும் வர்றாரு. லொரென்சா, வழி உனக்குத் தெரியுமில்ல?"

லொரென்சாவுக்கு வழி தெரியும். பேக்கரியைத் தாண்டி மூன்றாவது சந்து, நீலக் கதவு. அவள் பிறந்த வீடு.

"நான் அந்த ஊருதாம்மா," என்றார் எவுசேபியோ. "அந்தப் பொம்பளைங்களை எனக்குத் தெரியும். பத்து மணிக்கு வாங்க. சந்து முனையில நிக்கறேன், நானே கூட்டிட்டுப் போறேன்."

"பன்னெண்டு பேரும் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

மேடத்துக்கென்று பையில் கொண்டுவந்த மூன்று பாரையும் அவர் கொடுக்கவில்லை. பையின் வாயை இரண்டு முறை முறுக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கோம்பி நிற்கும் பக்கம் நடந்தார். சோகொர்ரோ அக்கா தன் கண்ணாடியைக் கேட்டுப் பின்னால் கூப்பிட வேண்டியிருந்தது.

"பாவம், நல்ல மனுஷன்," என்றாள் தமாரா. "உன்கூடக் கோம்பில வந்தாரே, அவருதானே?"

"ஆமா," என்றாள் லொரென்சா.

*

அன்றைக்கு வகுப்பு ஒரு மணிக்கே முடிந்தது. அவள் நாலு மணிவரை நூலகத்தில் உட்கார்ந்து, அப்பா என்ன சொல்வார், தான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி எழுதி அடித்தாள். கத்துவார் என்றால் ஒரு பதில். பேசாமல் இருப்பார் என்றால் ஒரு பதில். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள். அது ஒருபோதும் நடந்ததில்லை என்பதால் அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நின்ஃபா ஒரு தாளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எதிர் வீட்டுக்காரி, அவ மருமக, பேக்கரிக்காரம்மா, என் தங்கச்சி, அவ பொண்ணுங்க ரெண்டு பேரு. என்னையும் சேத்தா ஏழு. இன்னும் அஞ்சு பேருக்கு நான் எங்க போவேன்? உங்கப்பாகிட்ட எதுக்குன்னு கேட்டா, பாப்பா படிப்புக்குங்கறாரு. நீ படிக்கறதுக்கு எதிர் வீட்டுக்காரி எதுக்குடி?"

லொரென்சா பார்த்தது அம்மாவை அல்ல.

எவுசேபியோ பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் மருந்துக் கடை ரப்பர் கையுறை, இளநீலம். சட்டத்தில் கொட்டிய பாகை அழுத்திக்கொண்டிருந்தார். கையுறை பாகில் ஒட்டி இழுத்தது. விரல் நுனி கிழிந்து பொரியோடு போயிற்று. உருளையால் தேய்த்துக் கத்தியை வைத்தார். பலகை முழுக்கப் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது மூணாவது," என்றாள் நின்ஃபா. "இத்தனை வருஷத்துல ஒரு பலகை உதிர்ந்ததில்ல. சூடு எப்ப ஆறும்னு கைக்குத் தெரியும் இவருக்கு. ரப்பரைப் போட்டா எப்படித் தெரியும்? சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு."

"பழகிடும்," என்றார் எவுசேபியோ. உதிர்ந்ததை ஒரு பாத்திரத்தில் வாரினார். "அவங்க சோதிச்சுத்தானே எழுதியிருக்காங்க. நின்ஃபா, நீ பாப்பாவுக்குத் தனியா நாப்பது பண்ணிக் குடுத்தியே, அது பாஸாயிடுச்சு தெரியுமா? உன் கை சுத்தமான கை. எனக்குத்தான் எங்கியோ தப்பு."

நின்ஃபாவின் கையிலிருந்த பேனா நின்றது. அவள் தனியாக எதுவும் பண்ணவில்லை. நாற்பதும் இவர் அழுத்திய பலகையிலிருந்து வெட்டியது; வெட்டியவள் அவள், கேட்டு வாங்கியவள் லொரென்சா. நின்ஃபா மெதுவாகத் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள்.

அப்போதுதான் லொரென்சாவுக்குப் புரிந்தது. நூலகத்தில் எழுதிய எந்தப் பதிலும் செல்லாது. அப்பாவுக்குக் கோபமே இல்லை. கூட்டுறவு என்ற பெயர்தான் பொய் என்று அவருக்குத் தெரியும்; தன் கையைப் பற்றியும் மகள் பொய் எழுதியிருப்பாள் என்று தோன்றவே இல்லை. மூன்றாம் கட்டத்தில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் அவர் நம்பிவிட்டார்.

"ஒண்ணு கேக்கணும் கண்ணு," என்றார் அவர். அவளைப் பார்க்காமல், கையுறையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டே. "உனக்குத்தான் தெரியும், படிக்கறவ. இன்னைக்கு மட்டும் நூத்தி நாப்பது பேரு வாங்கித் தின்னுட்டாங்க. அந்த நர்ஸு பொண்ணு ரெண்டு வாங்கிச்சு. பத்து வருஷம்னா எத்தனை பேரு ஆகும். அதுல எத்தனை பேருக்கு என் கையால வயிறு கெட்டிருக்கும்?"

அடுப்பில் அடுத்த பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

யாருக்கும் இல்லை, யாரும் சோதிக்கவே இல்லை, நான்தான் எழுதினேன். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய வாக்கியம். அதன் முதல் சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"நிறையப் பேருக்கு இருக்காதுப்பா," என்றாள்.

எவுசேபியோ தலையாட்டினார். கிழிந்த கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் புது ஜோடியைப் பிரித்தார்.

நின்ஃபா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

"லொரென்சா," என்றாள். "வெளிய வா."